தூத்துக்குடியில் மீன் சாப்பிடக் கிழமை பார்க்கணும்

தூத்துக்குடிக்கு மீன் சாப்பிடப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த ஓட்டல் நல்லா இருக்கும்?" என்றுதான். அதற்குப் பதில் சொல்லும் முன் "என்னைக்குப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். வியாழக்கிழமை மதியம் கையை நக்க வைத்த மெஸ்ஸில் திங்கட்கிழமை மதியம் உட்கார்ந்தால் அதே மாஸ்டர், அதே மசாலா, அதே தோசைக்கல். மீன் மட்டும் சப்பென்று இருக்கும். குறை சமையலில் இல்லை, கடலுக்குப் போன நாளில் இருக்கிறது.

இந்த ஊருக்கு மீன் இரண்டு வழியாக வருகிறது. மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகுகள் விடியற்காலை 5 மணி வாக்கில் கிளம்பி இரவு 9 மணிக்குள் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். தங்கல் கிடையாது. ஏலம் இரவில் நடக்கும். அந்த மீன் மறுநாள் மதியம் இலைக்கு வரும். இறால், கணவாய், சங்கரா, நண்டில் ஒரு பகுதி இந்தக் கணக்கில் சேரும். இன்னொரு வழி திரேஸ்புரம். அது நாட்டுப்படகுக் கரை. அன்றன்றைக்குப் போய் வருகிறவர்களும் உண்டு, ஆழ்கடலுக்குப் போய்ச் சில நாள் தங்கிச் சனிக்கிழமை திரும்புகிறவர்களும் உண்டு. சீலா, விளமீன், பாறை, ஊளி, கேரை என்று பெரிய மீன்கள் வேண்டுமானால் திரேஸ்புரத்துச் சனிக்கிழமை ஏலம்தான். கூட்டமும் விலையும் அன்றைக்கு ஏறித்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஆகவே ஞாயிறு மதியம் சனிக்கிழமை மீன், அது நல்ல மீன். திங்கள் மதியமும் பெரும்பாலும் அதே சனிக்கிழமை மீன்தான், ஐஸ் பெட்டியில் இரண்டு இரவு கிடந்தது. செவ்வாயிலிருந்து நிலைமை சரியாகிவிடும். வாரத்தில் ஒரே ஒரு வேளைதான் போக முடியும் என்றால் சனி இரவோ ஞாயிறு மதியமோ போகலாம். கூட்டம் பிடிக்காதவர்களுக்குப் புதன், வியாழன்.

அந்த ஞாயிறு ஓய்வுக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஐந்நூறு வருடக் கதை இருக்கிறது. முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய இந்தக் கரையில் முத்துச் சலாபத்தின், அதாவது முத்துக் குளிப்பின், மீதான உரிமைக்காகப் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் தகராறு முற்றியபோது, பரதவத் தலைவர்கள் கொச்சியில் இருந்த போர்த்துக்கீசியர்களிடம் உதவி கேட்டுப் போனார்கள். 1535 முதல் 1537 வரை ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. சவேரியார் இங்கே வந்தது அதற்குப் பிறகு, 1542இல். 1658இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், 1825இல் அது முழுதாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. கொடிகள் மாறின, கடற்கரையின் ஞாயிற்றுக்கிழமை மாறவில்லை. பீச் ரோட்டில் நிற்கும் பனிமய மாதா ஆலயம் 1713இல் எழுந்தது. ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை திருவிழா. அந்த நாட்களில் ஊரில் மீன் விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

துறைமுகம் என்றால் எப்போதும் இந்த ஊர்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலை விட்டு ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவில் கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. பிறகு காயல்; மார்க்கோ போலோ குறிப்பிடும் துறைமுகம் அது. அதுவும் தூர்ந்தது. பிறகு ஆற்று முகத்தில் இருக்கும் புன்னக்காயல். போர்த்துக்கீசியர் காலத்தில் இந்தக் கரைக்கு அதுவே தலைமையிடம். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் அங்கே இருந்துதான் தமிழ் படித்தார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. தூத்துக்குடிக்கு முறை வந்தது இவ்வளவுக்கும் பிறகு.

இப்போது இலைக்கு வருவோம். மீனவர் பேச்சில் 'பார்' என்று ஒரு சொல் உண்டு. கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு. முத்துச்சிப்பி ஒட்டி வளர்ந்த இடம் அதுதான். கரையிலிருந்து 12 முதல் 20 கிலோமீட்டர் தள்ளி, 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில். கல்லைக் காலில் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கிச் சிப்பியை வாரிக்கொண்டு வந்து, கரையில் குவித்து அழுக விடுவார்கள். ஈயும் புழுவும் சதையைத் தின்று தீர்த்த பிறகு கழுவி அரித்தால் முத்து. சலாபம் நடக்கிற மாதத்தில் அந்த நாற்றத்தைத் தாண்டித்தான் கோடீஸ்வரன் ஆக முடியும். இங்கே கடைசியாகச் சலாபம் நடந்தது 1961இல். அதற்குப் பின் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடிப் பிரிவு 1973இல் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டியது. ஆனால் பழைய மாதிரி கடலில் இறங்கி வாருவது முடிந்து போன கதை.

முத்து போனாலும் பார் இருக்கிறது, பார் மீனும் இருக்கிறது. விளமீன், களவா, கிளாத்தி எல்லாம் அந்தப் பாறையை அண்டி வாழ்கிறவை. நண்டும் இறாலும் மேயும் இடம் வேறு, மணலும் சேறும் கலந்த தரை. பாரில் தூண்டிலில் பிடித்த விளமீனுக்கும் வலையில் நசுங்கி வந்த விளமீனுக்கும் வித்தியாசம் வாயில் வைத்தாலே தெரியும். தூண்டில் மீன் சதை உறுதியாக, செதில் உதிராமல், கண் குழியாமல் இருக்கும். கடையில் முழு மீனைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. செவுளைத் தூக்கிப் பாருங்கள்: ரத்தச் சிவப்பு என்றால் சரி, பழுப்பு என்றால் வேண்டாம். வயிற்றுப்பக்கம் விரலால் அழுத்தினால் குழி உடனே நிமிர வேண்டும்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. சென்னையில் வஞ்சிரம் என்று கேட்பது இங்கே சீலா. சென்னையில் ஷீலா என்று விற்கிற மீன் இங்கே ஊளி. சென்னைக்காரர்கள் மெனுவில் 'சீலா வறுவல்' என்று பார்த்துவிட்டு மலிவான மீன் என்று நினைத்துச் சொல்லிவிட்டு, பில்லைப் பார்த்து விழிப்பது வழக்கம்.

துண்டு போட்ட பிறகு எது சீலா, எது வேறு என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சில கடைகளில் மாறிப் போகும், அதனால் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சீலாத் துண்டு நீள்வட்டம். தோல் மெல்லியது, வெள்ளிப் பளபளப்பு, கையில் செதில் தட்டாது. நடுவில் ஒரே முள். ஊளியில் செதில் இருந்த தடம் தெரியும், சதை வெள்ளை, கல்லில் போட்டால் சீக்கிரம் உடையும். சூரையும் கேரையும் பச்சையாக இருக்கும்போது சிவப்பு, வெந்தால் பழுப்பு, பக்கவாட்டில் கறுத்த சதை தனியாகத் தெரியும். கடல்விராலின் தோல் தடித்துக் கரும்பழுப்பாக இருக்கும். தின்ன நன்றாகவே இருக்கும், ஆனால் சீலா விலைக்கு வாங்க வேண்டியதில்லை. நடுவில் முள்ளே இல்லாமல் வெள்ளைக் குருத்தெலும்பு வட்டமாக இருந்து, தோல் உப்புத்தாள் போலச் சொரசொரத்தால் அது சுறா.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சூரை, கேரை, சீலா, அயிலை, சாளை இவையெல்லாம் ஐஸ் இல்லாமல் வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு பொரித்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிடும்போது நாக்கில் மிளகு கடித்தது போல ஒரு குறுகுறுப்பு தெரிந்தால் மசாலா காரம் என்று நினைத்து மேலும் சாப்பிடக் கூடாது. இலையை மூடிவிட வேண்டும். முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிப்பது இதனால்தான். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊர் சொல்லும். பல நேரம் ஒத்துக்கொள்ளாதது மீன் இல்லை, வெயில். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் வெக்கைக்கு அதற்குக் குறைந்தால் பத்தாது.

மெஸ்ஸில் உட்கார்ந்ததும் பொரித்த மீனைச் சொல்லிவிடாதீர்கள். சாப்பாட்டோடு வரும் மீன் குழம்பை முதலில் சோற்றில் ஊற்றி ஒரு வாய் சாப்பிடுங்கள். சாப்பாட்டுக் குழம்பில் துண்டு இருக்காது. தலையும் வாலும் சின்ன மீனும் போட்டுக் காய்ச்சியது. அந்தக் குழம்பு நன்றாக இருந்தால் அந்த அடுப்படியை நம்பலாம். புளிப்பும் காரமும் தனித்தனியாக நின்றால் அது அவசரத்தில் வைத்த குழம்பு. பொரித்த மீனை எப்போதும் "கல்லுல போட்டுக் குடுங்க" என்று கேட்டு வாங்க வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருப்பது காலையில் முக்கால் வேக்காடு பொரித்து வைத்தது. கேட்டதும் மறுபடி எண்ணெயில் முக்கித் தருவார்கள். ஓரம் ரப்பராகவும் நடு வறண்டும் இருந்தால் அதுதான் காரணம். 12.30க்கும் 1.30க்கும் இடையில் போவது உத்தமம். 3 மணிக்குப் போனால் மீனைக் குறை சொல்லக் கூடாது.

நண்டு கேட்கும்போது எடையைப் பாருங்கள். ஓடு கழற்றிப் புது ஓடு போட்ட நண்டு பார்க்கப் பெரிசாக இருக்கும், உள்ளே தண்ணீர்தான். அடிவயிற்றுப் பக்கம், கால் முளைக்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. கணவாய் வேறு கதை: இரண்டு, மூன்று நிமிடம் வதக்கினால் மெத்தென்று இருக்கும், அதைத் தாண்டினால் செருப்புத் தோல், மறுபடி மெத்தென்று ஆக முக்கால் மணி நேரம் வேக வேண்டும். நடுவில் எடுத்துவிடும் கடைகள் நிறைய.

இந்தக் கரைக் குழம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இது தேங்காய் அரைத்த குழம்பு. ஒரு கிலோ விளமீனுக்கோ பாறைக்கோ எலுமிச்சை அளவு புளி, மிளகாய்த்தூள் 3 தேக்கரண்டி, மல்லித்தூள் 4 தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி. அரைக்க: அரை மூடித் தேங்காய், ஒரு தேக்கரண்டி சீரகம், ஆறு சின்ன வெங்காயம். வதக்க: இருபது சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி, நான்கு பச்சை மிளகாய், கறிவேப்பிலை. மண்சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி வெந்தயம் அரைத் தேக்கரண்டி போட்டு, அது சிவக்கும் முன்பே வெங்காயத்தைப் போட்டுவிட வேண்டும்; வெந்தயம் கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும், சர்க்கரை போட்டாலும் தீராது. தக்காளி கரைந்ததும் தூள்களைப் புளித்தண்ணீரில் கலக்கி ஊற்றி 10, 12 நிமிடம் கொதிக்க விட வேண்டும். தூள் வாசம் போவது இந்த நேரத்தில்தான். பிறகுதான் தேங்காய் விழுது. அது ஒரு கொதி வந்ததும் மீன், தீயைக் குறைத்து 6 முதல் 8 நிமிடம். கரண்டி போடக் கூடாது. சட்டியின் இரண்டு பக்கமும் துணி பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும். மாங்காய்க் காலத்தில் புளியைப் பாதியாகக் குறைத்து அரை மாங்காயைச் சீவிப் போடுவார்கள்.

பலருக்குத் தவறுவது இரண்டு இடத்தில். தேங்காய் விழுதை முதலிலேயே ஊற்றிக் கொதிக்க விட்டால் எண்ணெய் பிரிந்து திப்பி திப்பியாகத் திரிந்து நிற்கும். மீனைச் சீக்கிரம் போட்டுவிட்டுத் தூள் வாசம் போக வேண்டுமே என்று கொதிக்க விட்டால், மீன் உடைந்து குழம்பில் முள் மட்டும் மிதக்கும். புளி இவ்வளவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கவிச்சியைக் கிளப்பும் பொருளைப் புளிப்பு அடக்கி வைக்கிறது. இறக்கியதும் ஊற்றாமல் அரை மணி நேரம் விட்டால்தான் துண்டுக்குள் உப்பும் புளியும் இறங்கும். நேற்று வைத்த குழம்பைப் பற்றித் தனியாகச் சொல்லித் தமிழர்களுக்குப் புரியவைக்கத் தேவையில்லை. இதில் சிவப்பு கொடுக்கும் மிளகாயும் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்ததுதான். அதற்கு முன் காரம் என்றால் மிளகு.

மாசி என்று ஒன்று இருக்கிறது, கிடைத்தால் விடாதீர்கள். சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டை மாதிரி இறுகும் வரை வெயிலில் காயவைத்தது. மாலத்தீவின் சரக்கு. அது இந்த ஊர் அடுப்படிக்குள் நுழைந்ததற்குக் காரணம் தோணி என்னும் சரக்குப் படகு. தூத்துக்குடிக் கரையோரம் ஆழம் கிடையாது. அந்தக் காலத்தில் நீராவிக் கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கை ஏற்றி இறக்குவதெல்லாம் தோணிகள்தான். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்துக் கொழும்புக்குக் கப்பல் விட்டதும் இந்தக் கரையிலிருந்துதான். பெரிய துறைமுகம் 1974இல் வந்த பிறகும் தோணிகள் வெங்காயம், காய்கறி, கட்டுமானச் சாமான் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய் வந்தன.

மாசிச் சம்பலுக்கு 50 கிராம் மாசியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து, வெறும் சட்டியில் லேசாகச் சூடு காட்டி உரலில் இடிக்க வேண்டும். அதோடு வறுத்த மிளகாய் வற்றல் ஆறு, துருவிய தேங்காய் அரை மூடி, சின்ன வெங்காயம் பத்து, கொட்டைப்பாக்களவு புளி, உப்பு. மிக்ஸியில் தண்ணீர் விட்டு அரைத்தால் சட்னி ஆகிவிடும். சம்பல் உதிரியாக இருக்க வேண்டும். பழைய சோற்றுக்கு இதைவிட நல்ல துணை இந்தக் கரையில் கிடையாது என்பது என் கட்சி. நெத்திலிக் கருவாட்டுக் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கணக்கு மாறும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். 2017க்கு முன் அது 45 நாளாக இருந்தது. நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை, ஆகவே மீன் இல்லாமல் போகாது, விலை ஏறும். அந்த மாதங்களில் இறால் சொன்னால் பெரும்பாலும் பண்ணை இறால்தான் வரும்; விசைப்படகுக் கணவாய் என்றால் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வரும். சீலா, பாறை, விளமீன், நண்டு என்று நாட்டுப்படகு மீனாகப் பார்த்துச் சாப்பிடுவது புத்திசாலித்தனம். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வலுத்து நாட்டுப்படகும் போகாத நாளில் ஊர்க்காரர்கள் கருவாட்டுக் குழம்பு வைக்கிறார்கள். விருந்தாளியும் அதையே சாப்பிடலாம்.

வேறு சிலவற்றைக் கேட்கவே கூடாது. ஒரு காலத்தில் இந்தக் கரையில் ஆமைக் கறி சாதாரணமாக விற்றது. ஆவுளியாவையும், அதாவது கடல் பசுவையும், தின்றார்கள். இன்று இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளவை. கடல் அட்டையும் 2001 முதல் அப்படித்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. அந்த 21இல் தூத்துக்குடிக்குப் பக்கத்து விலங்குச்சல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. பார் மீன் குறைகிறது என்று ஏலக்கரையில் புலம்பல் கேட்டால் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்குக் கருவாடு வாங்கிப் போகிறவர்களுக்கு: உப்புக்குப் பஞ்சமில்லாத ஊர், மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்று தாராளமாகப் போட்டுக் காயவைப்பார்கள். சீலாக் கருவாட்டை உடைத்துப் பாருங்கள். நடுச்சதை ஈரமாக வளைந்தால் காயவில்லை. மேலே இளஞ்சிவப்பாகத் தூள் படிந்த மாதிரி தெரிந்தால், அது உப்பிலேயே வாழும் ஒரு நுண்ணுயிர். கடைக்காரர் மசாலா என்பார், நம்பாதீர்கள். மூன்று சுற்றுச் செய்தித்தாள், அதற்கு மேல் பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் இறுக்க மூடும் டப்பா. இல்லையென்றால் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பார்.

பச்சை மீன் கொண்டு போகிறவர்கள் காலையிலேயே திரேஸ்புரத்தில் வாங்கி ஐஸ் பெட்டி கட்டிவிட வேண்டும். சென்னை போகும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் இரவு 9 மணிக்கு முன்பே கிளம்பிவிடும். விசைப்படகுகள் துறைமுகத்துக்குள் வரும் நேரத்தில் வண்டி ஊரைத் தாண்டியிருக்கும்.